ஒரு எஞ்சினுக்குள் எத்தனை கார்

லண்டனிலிருந்து என் தமையன் தன் பெட்டிக்குள் வைத்துக் கொண்டுவந்த நான்கு பிஸ்ரன்களில் ஒன்றை எடுத்து, வளையம் போடாமல் முதலாவது சிலிண்டருக்குள் இறக்கிப் பார்த்தார் போர் அடிக்கும், அதாவது தேய்ந்த சிலிண்டரைக் கடைந்து பெரிதாக்கும், கடைக்காரர். எண்ணெய் பூசி விட்டால் கொஞ்சம் தயங்கித் தயங்கி இறங்க வேண்டிய சாமான் அது. இதுவோ கடகடவென்று ஆடிக்கொண்டு விழுந்தது. பக்கத்தில் இரண்டு தீப்பெட்டி அட்டைகளைச் சேர்த்துச் செருகலாம்போல இடைவெளி.

"தம்பி, உந்தப் பிஸ்ரன் உந்த எஞ்சினுக்குரியதில்லை. போரை அளக்காமலே எடுப்பிச்சனீர்?" என்றார். போர் என்றால் சிலிண்டரின் உள்விட்டம்.

அளக்காமல்தான் எடுப்பித்தேன். 1959ஆம் ஆண்டு மொறிஸ் மைனர் 1000. அளவெட்டிப் பக்கத்தில் ஓய்வுபெற்ற ஆசிரியர் ஒருவரின் குடும்பத்திடம் வாங்கியது. வாகனப் புத்தகத்தில் 948 சிசி என்று இருந்தது. எஞ்சினில் அறைந்திருந்த தகட்டிலும் 9எம்-யூ-எச் என்றுதான் தொடங்கியது. கடைசியாக 40 தவ் போர் அடித்ததாக வீட்டுக்காரர் சொன்னார்கள். ஆயிரத்தில் நாற்பது அங்குலம், அதாவது ஒரு மில்லிமீற்றரும் சொச்சமும். தமையன் ஆவணியில் வருகிறார், அவர் கையில் வந்தால் தபால் செலவு மிச்சம் என்ற அவசரத்தில், சிலிண்டர்களை மேலே மூடும் ஹெட்டைக் கழற்றும் முன்பே 948க்கு 40 தவ் பிஸ்ரன் சொல்லிவிட்டேன். புத்தகம், தகடு, வீட்டுக்காரர் என்று மூன்று சாட்சிகள் ஒன்றாகப் பேசும்போது வேறென்ன வேண்டும் என்று நினைத்தேன். எஞ்சினை மட்டும் யாரும் கேட்கவில்லை.

அந்த நாளிலிருந்து நான்கு மாதம் நான் செய்தது எஞ்சின் திருத்தம் என்பதைவிட, எஞ்சினை வாசிக்கப் பழகியது என்றே சொல்ல வேண்டும். பழைய எஞ்சின் ஒன்றை வாங்கி வைத்துக்கொண்டு எந்தச் சாமானை எடுப்பிப்பது என்று தலையைப் பிடித்துக்கொண்டு இருப்பவர்களுக்கு இது உதவக்கூடும்.

முதலில் இந்த எஞ்சின் குடும்பத்தைப் பற்றிக் கொஞ்சம். பிஎம்சி நிறுவனத்தின் ஏ-சீரிஸ் எஞ்சின் 1951இல் ஒஸ்ரின் ஏ30 காரோடு வந்தது. 2000ஆம் ஆண்டில் கடைசி மினி வெளிவரும்வரை அதே குடும்பம்தான் ஓடியது. 803, 848, 948, 998, 1098, 1275 என்று சிசி மாறினாலும் வெளித்தோற்றம் அண்ணன் தம்பிபோலவே இருக்கும். ஒன்றின் ஹெட் இன்னொன்றில் ஏறும். ஒன்றின் காபரேட்டர் இன்னொன்றில் உட்காரும். இதனால்தான் இந்தக் கார்கள் யாழ்ப்பாணத்தில் இத்தனை காலம் உயிரோடு இருக்கின்றன. அடையாளம் காண்பது இவ்வளவு கடினமாக இருப்பதற்கும் காரணம் இதுவேதான்.

போர் கடைக்காரர் சிலிண்டரை எனக்கு முன்னால் அளந்து காட்டினார். மேலே, வளையம் தேய்க்கும் இடத்தில் அளந்தால் தேய்மானமும் சேர்ந்து வரும். அதனால் கேஜை அடிவரை, வளையம் எட்டாத இடம்வரை இறக்கி அளந்தார். 65.09 மிமீ. 948இன் மூலப் போர் 62.94. அதற்கு 40 தவ் கூட்டினாலும் 63.96தான் வரும். 65.09 என்பது 64.58க்கு மேல் 20 தவ். பழைய பிஸ்ரனின் தலையில் இருந்த கரியைப் பித்தளைத் தகட்டால் சுரண்டியபோது '020' என்று அடித்திருந்தது தெரிந்தது. வாங்கிய அன்றைக்கே ஹெட்டைக் கழற்றியிருந்தால் அந்த மூன்று இலக்கங்களும் எனக்குப் பிஸ்ரன் காசை மிச்சம் பிடித்துத் தந்திருக்கும்.

64.58 என்றால் 1098 என்று உடனே சொல்லிவிட ஏலாது. 998க்கும் அதே போர். இரண்டையும் பிரிப்பது ஸ்ரோக், அதாவது பிஸ்ரன் மேலும் கீழும் போகும் தூரம். ஹெட் கழற்றிய நிலையில், வேர்னியரின் ஆழம் பார்க்கும் கம்பியைச் சிலிண்டர்கள் உள்ள பிளொக்கின் மேற்பரப்பில் நிமிர்த்தி வைத்து, பிஸ்ரன் ஆக மேலே நிற்கும்போது ஒரு அளவு, ஆகக் கீழே நிற்கும்போது ஒரு அளவு எடுத்துக் கழித்தால் போதும். 998 என்றால் 76.2 மிமீ வரும். 1098 என்றால் 83.72. எனக்கு 83.7 வந்தது. கையால் மூன்று தரம் சுற்றி மூன்று தரமும் பார்த்தேன். 1962இன் பிற்பகுதியில்தான் மைனருக்கு 1098 எஞ்சின் வந்தது. ஆக, 1959ஆம் ஆண்டுக் காருக்குள் அதற்கு மூன்று வருடமாவது பிந்திப் பிறந்த பிளொக் ஒன்று 948இன் பெயரோடு இருக்கிறது.

அப்புறம்தான் தகட்டை வடிவாகப் பார்த்தேன். மைனரில் அது பிளொக்கின் வலப்பக்கம், டைனமோவுக்கு மேலே இருக்கும். தகடு பழையது, எழுத்துக்களும் உண்மையானவைதான். ஆனால் அதைப் பிடித்திருந்த இரண்டு ரிவெட்டுகளும் அலுமினியம். சந்தையில் இப்போது விற்கிற, நடுவில் ஓட்டை உள்ள வகை. தொழிற்சாலையில் அறைந்தவை அப்படி இருக்காது, சுத்தியலால் அடித்து இறக்கிய திண்ம ஆணிகளாக இருக்கும். பழைய எஞ்சினின் தகட்டைக் கழற்றி, புத்தகத்து இலக்கத்துக்குப் பொருந்தட்டும் என்று யாரோ இதில் மாட்டியிருக்கிறார்கள். வாங்கப் போகிறவர்களுக்கு நான் முதலில் சொல்வது இதைத்தான்: இலக்கத்தை வாசிப்பதற்கு முன்னால் ரிவெட்டைப் பாருங்கள்.

தகட்டின் எழுத்துக்களுக்குப் பொருள் உண்டு. முன்னால் வரும் 9 என்றால் 948, 10 என்றால் 1098. எம் என்பது மொறிஸ். யூ என்றால் நடுவில் கியர்த் தடி உள்ள கார். கடைசியில் எச் வந்தால் உயர் அழுத்தம், எல் வந்தால் தாழ் அழுத்தம். இந்தக் கடைசி எழுத்து பின்னால் எனக்குப் பெரிய கதையாக வந்தது.

எல்லாப் பாகத்திலும் மொவொக் என்று ஆங்கில எழுத்தில் வார்த்திருக்கும். அதை எஞ்சினின் வகைப்பெயர் என்று நினைத்து இரண்டு கிழமை அதைத் தேடிக்கொண்டு இருந்தேன். மொறிஸ், வூல்ஸ்லி, எம்ஜி மூன்றையும் சேர்த்த வணிகக்குறி அது. சாமான் அந்தக் குழுமத்தினது என்பதற்கு மேல் அது எதுவும் சொல்லாது. தேட வேண்டியது அதற்குப் பக்கத்திலோ வேறு மூலையிலோ வார்ப்பிலேயே எழும்பி நிற்கும் எண்ணை.

ஹெட்டில் அந்த எண் ரொக்கர் மூடிக்குக் கீழே, வால்வு ஸ்பிரிங்குகளின் பக்கத்தில் இருக்கும். அறுபது வருட எண்ணெய் கறுத்துக் காய்ந்து அப்பியிருந்தது. மண்ணெண்ணெயில் நனைத்த பல்துலக்கியால் தேய்த்து, துடைத்து, அதன்மேல் வெண்கட்டியைப் படுக்க வைத்து உரசினேன். எழும்பிய எழுத்தில் மட்டும் வெள்ளை பிடித்தது. 2ஏ628. இது சிறிய வால்வு உள்ள, 948 காலத்து ஹெட். 1098 மைனருக்குரியது 12ஜி202. சந்தேகத்துக்கு உள்ளெடுப்பு வால்வின் தலையை அளந்தேன். 27.8 மிமீ. 12ஜி202 என்றால் 29.4 வந்திருக்க வேண்டும். வார்ப்பெண்ணும் அளவும் ஒன்றையொன்று ஒத்துக்கொண்டால்தான் நம்பலாம். ஹெட் மாறாமல் வால்வை மட்டும் பெரிதாக்கியவர்களும் உண்டு.

1098 பிளொக்கில் 948இன் ஹெட். காரின் மூல ஹெட் இதுவாகவே இருக்கலாம் என்று எனக்குப் பட்டது. பிளொக் வெடித்தோ கிராங் முறிந்தோ போனபோது கீழ்ப்பாதியை மட்டும் மாற்றியிருப்பார்கள்.

இதில் ஒரு ஆபத்து இருக்கிறது. 2ஏ628இன் எரி அறை சிறியது. பெரிய எஞ்சினில் சிறிய அறையைப் பூட்டினால் அழுத்த விகிதம் ஏறும், பெற்றோல் நேரத்துக்கு முன்பே வெடித்து எஞ்சின் தட்டும். ஆனால் இந்தக் கார் வாங்கிய நாளில் தட்டவே இல்லை. மேட்டில் சோம்பலாகத்தான் ஏறியது. ஏன் என்று அளந்து பார்க்க முடிவெடுத்தேன்.

அளப்பது வீட்டிலேயே செய்யக்கூடிய வேலை. ஹெட்டைக் கவிழ்த்து வைத்து, வால்வுகளும் பிளக்கும் பூட்டியபடி இருக்க, அறையின் விளிம்பில் கிறீஸ் பூசி, ஒரு துளை போட்ட பேர்ஸ்பெக்ஸ் என்ற தெளிந்த பிளாஸ்ரிக் துண்டை அழுத்தி வைக்க வேண்டும். பாமசியில் வாங்கிய 20 மில்லி ஊசியால் துளை வழியே மண்ணெண்ணெயை விட்டு, காற்றுக்குமிழ் இல்லாமல் நிரம்பும்வரை எண்ண வேண்டும். நான்கு அறைகளும் 24.5 சிசியை ஒட்டி வந்தன. பிளொக்கிலும் அப்படியே. பிஸ்ரனை ஆக மேலே நிறுத்தி, ஓரத்தைக் கிறீஸால் அடைத்து நிரப்பினால் 13 சிசி பிடித்தது. பிஸ்ரனின் தலை தட்டையாக இல்லை, கிண்ணம்போலக் குழிந்திருந்தது. தாழ் அழுத்தப் பிஸ்ரன். அந்தப் பிளொக்கின் உண்மையான தகட்டில் கடைசி எழுத்து எல் என்றுதான் இருந்திருக்கும்.

இன்னொன்றும் இருந்தது. ஹெட்டைத் தூக்கிய அன்றைக்கு, ஹெட்டுக்கும் பிளொக்குக்கும் இடையில் அடைக்கும் காஸ்கெட் தடிப்பாக இருக்கிறதே என்று நினைத்து ஒரு பக்கம் எடுத்து வைத்திருந்தேன். பிறகு பிளேட்டால் ஓரத்தைப் பிரித்தபோது அது இரண்டாகக் கழன்றது. ஒன்றின்மேல் ஒன்றாக இரண்டு காஸ்கெட்.

இதை எங்கள் பகுதியில் ஐம்பது வருடமாகக் கராஜ் வைத்திருக்கும் ஒரு அண்ணையிடம் கொண்டுபோய்க் காட்டினேன். கையில் வாங்கியவர் கன நேரம் ஒன்றும் கதைக்கவில்லை. பிறகு, "இது மண்ணெண்ணெயில ஓடின எஞ்சின், தம்பி. ரெண்டு போடாட்டி தட்டித் தட்டியே சாகும்," என்றார்.

தொண்ணூறுகளின் பொருளாதாரத் தடைக் காலத்தில் வடக்குக்குப் பெற்றோல் வருவது தடைப்பட்டிருந்தது. காபரேட்டரில் சில துளி பெற்றோல் விட்டு எஞ்சினைச் சூடாக்கி, பிறகு மண்ணெண்ணெயில் ஓட்டினோம். அந்தப் புகையின் மணம் இன்றைக்கும் எனக்கு மூக்கில் இருக்கிறது. மண்ணெண்ணெய் அழுத்தத்தைத் தாங்காது, நேரத்துக்கு முன்பே வெடிக்கும். அதனால் விகிதத்தைக் குறைக்க வேண்டும். இரண்டு காஸ்கெட்டோடு கணக்குப் பார்த்தேன். சிலிண்டர் ஒன்றின் கொள்ளளவு 278.6 சிசி. ஹெட் 24.5, பிஸ்ரன் 13, காஸ்கெட் ஒவ்வொன்றும் ஏறத்தாழ 3, மொத்தம் 43.5. விகிதம் 7.4க்கு 1. ஒரு காஸ்கெட்டை எடுத்தால் 7.9 ஆகும். தாழ் அழுத்த 1098க்குத் தொழிற்சாலை கொடுத்தது 7.5, உயர் அழுத்தத்துக்கு 8.5. இன்றைய 92 ஒக்டேன் பெற்றோலுக்கு 7.9 ஒன்றுமே இல்லை.

பிழையான ஹெட், பிழையான பிஸ்ரன், பிழையான காஸ்கெட் என்று நான் எழுதி வைத்திருந்த மூன்றும் சேர்ந்து ஒரு சரியான கணக்காக நின்றன. செய்தவருக்கு என்ன செய்கிறோம் என்று தெரிந்திருக்கிறது. அதற்குப் பிறகு 'பொருந்தாத சாமான்' என்ற சொல்லை நான் யோசித்துத்தான் பயன்படுத்துகிறேன். ஒரு பாகம் அந்தக் காருக்குரியதல்ல என்பது ஒன்று, அந்த இடத்தில் வேலை செய்யவில்லை என்பது வேறு. 2ஏ628 ஹெட்டை அப்படியே வைத்துக்கொண்டேன்.

கியர் பொக்ஸ் அவ்வளவு பாடு படுத்தவில்லை. 1098க்குரியதன் உடம்பில் வரிவரியாக மேடு இருக்கும், 948இனது வழுவழுப்பாக இருக்கும். என்னுடையது வழுவழுப்பு, அதாவது காரின் மூலக் கியர் பொக்ஸ். கிளச் தட்டும் அதற்கேற்ப ஆறேகால் அங்குலம்தான். 1098க்கு எடுப்பித்திருந்தால் ஏழேகால் அங்குலத் தட்டு வந்து கையில் நின்றிருக்கும். கிளச்சுக்கு எஞ்சினின் பெயரைச் சொல்லாதீர்கள். பழைய தட்டின் விட்டத்தையும் நடுவில் உள்ள பற்களின் எண்ணிக்கையையும் சொல்லுங்கள்.

பிளக்குகளுக்குப் பொறியைப் பகிர்ந்து அனுப்பும் டிஸ்ரிபியூட்டர்தான் என்னை உண்மையாகவே ஆச்சரியப்படுத்தியது. லூகாஸ் 25டி4 வகை, மைனருக்கும் வருவதுதான். உடம்பில் ஐந்து இலக்கப் பாக எண்ணும், செய்த கிழமையும் வருடமும் அடித்திருப்பார்கள் என்று தெரியும். பித்தளை மினுக்கும் பிராசோ போட்டு மெல்ல மெல்ல மினுக்கினேன். முதலில் 'லூகாஸ்' வந்தது. அதற்குப் பக்கத்தில் 'டிவிஎஸ்' வந்தது. அதற்குக் கீழே 'மேட் இன் இந்தியா'. சென்னை பாடியில் 1961இல் தொடங்கிய லூகாஸ்-டிவிஎஸ் தயாரிப்பு. இந்தியாவின் அம்பாசடர் காரின் 1489 சிசி எஞ்சின் பிஎம்சியின் பி-சீரிஸ். இங்கே ஓடிய மொறிஸ் ஒக்ஸ்போர்டுக்கும் ஒஸ்ரின் கேம்பிரிட்ஜுக்கும் அதே குடும்பம்தான். அவற்றுக்காக இந்தியாவிலிருந்து வந்த சாமான் ஒன்று என் மைனருக்குள் வந்து சேர்ந்திருக்கிறது. இரண்டு எஞ்சின் குடும்பத்துக்கும் அது ஒரே மாதிரி உட்காரும், ஒரே பக்கம் சுற்றும், தீப்பொறி வரிசையும் 1-3-4-2 என்று ஒன்றே. சாமானும் நல்ல நிலையில் இருந்தது. ஆனால் உள்ளே இருக்கும் இரண்டு சிறு ஸ்பிரிங்குகளும் எடைகளும், வேகம் கூடும்போது பொறியை எவ்வளவு முன்னுக்கு இழுப்பது என்பதைத் தீர்மானிப்பவை. அவை வேறு எஞ்சினுக்காக வைத்தவை. சும்மா நிற்கும்போது நேரத்தைச் சரியாக வைத்தாலும் ஓட்டத்தில் பிசகும். சும்மா நிற்கும்போது மட்டும் லைற் பிடித்துப் பார்த்துவிட்டுச் சரி என்று மூடிவிடாதீர்கள். வேகத்தைக் கூட்டியும் பாருங்கள். இதை மட்டும் மைனருக்குரிய பழைய ஒன்றைத் தேடி மாற்றினேன். இந்தியச் சாமானைக் கழுவி எண்ணெய் போட்டுச் சுற்றி வைத்திருக்கிறேன். ஒரு ஒக்ஸ்போர்டுக்காரர் கேட்டால் கொடுப்பேன்.

எஸ்யூ காபரேட்டர் எச்2, 948இனது. இதிலே வெளித்தோற்றத்தைவிட, பெற்றோல் அளவைத் தீர்மானிக்கும் ஊசியைத்தான் பார்க்க வேண்டும். மேலே உள்ள மணிபோன்ற மூடியைக் கழற்றி, காபரேட்டருக்குள் இருக்கும் பிஸ்ரனோடு வரும் ஊசியைத் தளர்த்தி எடுத்தால், அதன் தண்டில் எழுத்து அடித்திருக்கும். எழுத்து மிகச் சின்னது, உருப்பெருக்கிக் கண்ணாடி வேண்டும். எம் என்று இருந்தது, 948க்குரியது. 1098 மைனருக்கு எச்எஸ்2 காபரேட்டரும் ஏஎன் ஊசியும். பிளக் முனைகள் நான்கும் சுண்ணாம்புபோல வெளுத்து இருந்ததன் காரணத்தில் ஒரு பங்கு இதற்குள் இருந்தது. ஏஎன் போட்ட பிறகு பழுப்பு நிறத்துக்கு வந்தன.

போல்ட்டுகளுக்கு ஒரு எளிய வழி சொல்கிறேன். இந்த எஞ்சினில் பெரும்பாலும் அங்குல அளவு, யூஎன்எஃப் புரி. அரை அங்குல ஸ்பானர் பிடிக்க வேண்டிய தலையில் 13 மிமீ ஸ்பானர் இறுக்கமாகப் பிடித்தால் அந்த போல்ட் பிறகு வந்தது. தலையில் 8.8 என்று இருந்தால் சந்தேகமே வேண்டாம். எட்டு மில்லி போல்ட்டும் ஐந்தின்கீழ் பதினாறு அங்குல போல்ட்டும் பார்வைக்கு ஒன்றுதான். ஆனால் புரி நெருக்கம் வேறு. இரண்டு சுற்றுப் போன பிறகு இறுகினால் பலத்தைக் காட்டக்கூடாது. என் எஞ்சினில் மனிஃபோல்ட் பக்கம் ஒரு துளை அப்படிப் பலம் காட்டியே கெட்டிருந்தது. உள்ளுக்குப் புது மரை போட வேண்டி வந்தது.

முன்பக்க எண்ணெய் ஒழுகலுக்கும் காரணம் இரண்டு காலத்துச் சாமான்தான். டைமிங் செயின் மூடியில் பழையவற்றுக்குக் கம்பளிச் சீல், பிந்தியவற்றுக்கு றப்பர்ச் சீல். உள்ளே கிராங்கில் நிற்கும் எண்ணெய் எறியும் தட்டும் அதோடு சோடியாகவே வர வேண்டும். பிந்திய தட்டில் எஃப் என்று அடித்திருக்கும், அந்தப் பக்கம் முன்னுக்குப் பார்க்க வேண்டும். என்னுடையதில் புது மூடி, பழைய தட்டு. சீலை இரண்டு தரம் மாற்றியும் ஒழுகியது. தட்டை மாற்றியதும் நின்றது. எண்ணெய்ப் பம்புக்கும் இப்படித்தான். கம்ஷாஃப்ட் முனையில் முள், நட்சத்திரம், வெட்டு என்று மூன்று விதமான பிடி உண்டு. பழையதைக் கழற்றிக் கையில் வைத்துக்கொண்டு எடுப்பியுங்கள்.

இவ்வளவையும் ஒரு சிஆர் கொப்பியில் எழுதி வைத்தேன். பாகம், அதில் உள்ள எண், நான் எடுத்த அளவு, எந்தக் காரினது, வைத்தேனா மாற்றினேனா. வாகனப் புத்தகத்தையும் தகட்டையும் பற்றி மோட்டார் போக்குவரத்துத் திணைக்களத்தில் கதைத்து, எஞ்சின் மாற்றத்தைப் பதிய விண்ணப்பம் கொடுத்தேன். எனக்குப் பிறகு இதை வாங்குபவர் 948க்குப் பிஸ்ரன் எடுப்பிக்கக்கூடாது.

எண்ணே இல்லாத ஒரு சாமான் கடைசியில் மிஞ்சியது. டைனமோவைத் தாங்கும் பிடிக்கும் பிளொக்குக்கும் இடையில் இருந்த பித்தளை வளையம், 9.5 மிமீ தடிப்பு. எந்தப் பாகப் படத்திலும் இல்லை. தேவையில்லாதது என்று ஒதுக்கிவிட்டு எஞ்சினைப் பூட்டினேன். முதல் நாளே பெல்ட் ஒரு பக்கமாக ஓடி ஓரம் கிழிந்தது. நேர்கோட்டுப் பலகை ஒன்றைக் கப்பிகளில் வைத்துப் பார்த்தபோது டைனமோ ஒரு சென்ரிமீற்றர் அளவுக்குப் பின்னுக்கு நின்றது. பிடி வேறு காரினது. அந்தக் குறையைத்தான் வளையம் நிரப்பியிருக்கிறது. லேத்தில் கடைந்த வரிகள் விளிம்பில் இன்னும் தெரிகின்றன. கையை வெட்டும் கூர் இல்லாமல் உள்ளோரத்தைக்கூட அரத்தால் மழுக்கியிருக்கிறார். அந்தக் கராஜ் அண்ணையிடம் கேட்டேன், அவருடைய வேலை இல்லையாம். லேத்காரர்கள் மூன்று பேரிடம் காட்டினேன், ஒருவருக்கும் நினைவில்லை.

கழுவி, அதே இடத்தில் போட்டுப் பூட்டினேன். கொப்பியில் இப்படி எழுதியிருக்கிறேன்: 'பித்தளை வளையம், 9.5 மிமீ, இங்கே கடைந்தது, எடுக்க வேண்டாம்.'